வலப்பக்க இருக்கைக்கு அனுமதி இல்லை

கனடாவில், மல்வேர்னில் என் வீட்டுக் காராஜைத் திறந்தால் அண்மைவரை விமானத்தின் இறக்கை ஒன்று குறுக்கே கிடக்கும். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் ஐந்து வருடம் நாயோடு அதைக் கடந்து போனார். "இன்றைக்குக் குளிர் குறைவு" என்பார், போய்விடுவார். இதுவே எங்கள் குருநகராக இருந்தால் முதல் நாளே பாதித் தெரு உள்ளே நின்று பிழை பிடித்திருக்கும். இங்கே ஒருவரும் கேட்பதில்லை, ஆகவே நானே சொல்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான்தான் அந்த விமானத்தைக் கட்டினேன்.

பாகங்கள் அவற்றை விற்கிற கொம்பனியிலிருந்து பெட்டி பெட்டியாக வந்தன. அமெரிக்காவில் இந்தச் சின்ன விமானங்களை லைற் ஸ்போட் என்கிறார்கள், இங்கே அல்ட்ராலைற். அதிலும் இரண்டு வகுப்பு உண்டு. கொம்பனியின் வரைபடத்தில் உள்ளபடி அச்சொட்டாகக் கட்டினால் மேல் வகுப்பு, பக்கத்தில் ஓர் ஆளை ஏற்றலாம். நம் இஷ்டத்துக்கு மாற்றினால் கீழ் வகுப்பு, தனியேதான் பறக்கவேண்டும். எனக்கு மேல் வகுப்புத்தான் வேண்டியிருந்தது. காரணம் என் மனைவி திரேசா. கனடாவுக்கு நான் முதலில் வந்தேன், ஆறு வருடம் கழித்து அவர் தனியே வந்தார். வோபர்னில் கார் திருத்தும் கடை போட்டேன். அதை விற்கும்வரை ஒருநாளும் பூட்டியதில்லை என்பது என் பெருமை. அதனால் அவருடைய தாயின் செத்தவீட்டுக்கு அவர் மட்டும் போனார், என் தமையனின் செத்தவீட்டுக்கு அவரைக் கடையில் விட்டு நான் மட்டும் போனேன். நாற்பத்திரண்டு வருடக் கலியாண வாழ்க்கையில் நாங்கள் ஒரு விமானத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததேயில்லை.

"ரெண்டு ரிக்கெற் எடுத்தால் முடியிற அலுவல். அதுக்கு ஆரும் பிளேன் கட்டுவினமே?" என்று திரேசா கேட்டார்.

"அது அவங்கடை பிளேன். இது நான் கட்டினது."

"அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

ஊரில் யுத்தகாலப் பொருளாதாரத் தடை இருந்தபோது குருநகர்க் கரையில் படகு இயந்திரம் திருத்தியவன் நான். ஒரு நட்டுக்கூட வராத காலம். கடல் நடுவில் எது உடைந்தாலும் ஆள் திரும்பி வராது. அதனால் இயந்திரம் பூட்டுகிற இடத்தில் ஒரு தகடு போதுமென்றால் நான் இரண்டு போடுவேன், நாலு ஆணி போகிற இடத்தில் எட்டு அடிப்பேன். என் கை பட்ட படகு ஒன்றும் கடலில் கழன்றதில்லை. அந்தக் கைதான் இதையும் கட்டியது. வரைபடத்தில் இறக்கை உடம்போடு சேருகிற இடத்தைப் பார்த்தேன். ஒற்றைத் தகடு, பப்படம் மாதிரி. திரேசா இருக்கப்போகிற பக்கம். மனம் கேட்கவில்லை, உறுதியைக் கூட்டுவது மாற்றமாகாது என்றும் நினைத்தேன். இரண்டு இறக்கையிலும், இருக்கைகளுக்குக் கீழேயும் எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கினேன்.

சென்ற இலையுதிர்காலத்தில் கொம்பனிக்காகப் பார்த்துக் கையெழுத்து வைக்கிற கிளென் வந்தார். இறக்கைக்குள் ரோர்ச் வெளிச்சம் அடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இப்படிச் செய்யும்படி உங்களுக்கு யார் சொன்னது?"

"ஒருவரும் சொல்லவில்லை. எல்லாம் என் யோசனை."

"மிக அழகான வேலை" என்றார்.

நான் உள்பக்கம் திரும்பி, "இஞ்சரும், தேத்தண்ணி போடும், முடிஞ்சுது" என்று திரேசாவிடம் சொன்னேன். திரும்பிப் பார்த்தால் கிளென் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

உறுதியைக் கூட்டியது குற்றமா என்று கேட்டேன். "உறுதி கூடியதா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. ஓரிடத்தை இறுக்கினால் பாரம் வேறிடத்துக்குப் போகும். கொம்பனி சோதித்தது வரைபடத்தில் உள்ளதை மட்டும்தான்" என்றார். சரி, கழற்றிவிடுகிறேன் என்றேன். "கழற்றினால் துளைகள் மிஞ்சும். அவையும் வரைபடத்தில் இல்லை." புதிய இறக்கைகளும் உடம்பும் எடுத்து முதலிலிருந்து கட்ட இன்னும் ஐந்து வருடம். எனக்கு இப்போதே எழுபத்துமூன்று. அவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்.

கீழ் வகுப்பில்தான் பதிந்தேன். யாரையும் ஏற்றும் எண்ணமே வராமலிருக்க வலப்பக்க இருக்கையைக் கழற்றிவிடும்படி கிளென் தொலைபேசியில் சொன்னார். கழற்றும்போது திரேசா விளக்குப் பிடித்தார்.

"எத்தினை ஆணி அடிச்சு வைச்சிருக்கிறியள்?"

"எட்டு."

"நாலு போதுமெண்டு ஆரும் சொல்லேல்லையே?"

"படத்திலை நாலுதான் கிடந்தது."

அவர் விளக்கை மற்றக் கைக்கு மாற்றினார். "விடுங்கோ. நான் கீழை நிண்டு பாக்கிறன்" என்றார்.

இந்த வசந்தகாலத்தில் பறந்தேன். நகரத்துக்கு வெளியே புல்வெளி ஓடுபாதை. அறுநூறு அடியில் திரும்பிப் பார்த்தேன். வேலி ஓரத்தில் திரேசா ஒரு புள்ளியாக நின்றார். கையசைத்தாரா, வெயிலுக்குக் கண்ணை மறைத்தாரா என்று மேலேயிருந்து தெரியவில்லை. விமானத்தில் ஓர் ஆணிகூட அசையவில்லை. என் வலப்பக்கத்தில் வெறும் தளம், அதில் எட்டுத் துளைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் இந்த நாட்டு மண் சின்னச் சின்ன வட்டமாகத் தெரிந்தது, குளிர்காற்று அவ்வழியால் ஏறி வந்துகொண்டிருந்தது.