வேலியோரம் குமுதவல்லி டீச்சர் போட்ட நாற்காலி

ரயில் மணவூரில் நின்றிருந்தபோது போன் வந்தது. பேசியவர் டீச்சரின் பக்கத்து வீட்டு முனிரத்தினம். "குமுதவல்லி டீச்சர் போயிட்டாங்கம்மா" என்றார். அடுத்த மூச்சிலேயே, நான் எத்தனை மணிக்குத் திருத்தணி வந்து சேருவேன் என்று கேட்டார். இந்த மனுஷனுக்கும் துக்கம் இருக்கிறதே என்று ஒரு நிமிஷம் ஏமாந்துபோனேன்.

பள்ளியில் டீச்சருடன் வேலை பார்த்த நீங்களெல்லாம் இந்த நினைவு மலரில் அவர் கணக்குப் பாடம் நடத்திய அழகையும் பொறுமையையும் பற்றி எழுதுவீர்கள். எழுதுங்கள், எல்லாம் உண்மைதான். அதே பள்ளியில் எழுத்தராக இருந்துகொண்டு, அவர் வீட்டு மாடியில் பதினாறு வருஷம் குடியிருந்தவள் நான். எனக்குத் தெரிந்த டீச்சர் லேசில் மன்னிக்கிறவர் அல்ல.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் கல்தூண் நட்டு முள்கம்பி இழுத்த வேலி. முனிரத்தினத்தின் அப்பா போட்டது. ஒரு புயலில் கற்கள் சாய்ந்து, அவர்கள் வீட்டு மாடு இந்தப் பக்கம் வந்து மேய ஆரம்பித்தது. சரிசெய்யச் சொன்னால், உங்களுக்குத் தேவையென்றால் நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று முனிரத்தினம் கைகழுவினார். டீச்சரின் கணவர் வேலாயுதம் சார் அப்போது பக்கவாதத்திலிருந்து தேறிக்கொண்டிருந்தார். டீச்சர் பள்ளிக்குப் போயிருந்த ஒரு நாள் அவரே கம்பி கட்டப் போனார். கை நடுங்கி, உள்ளங்கை கிழிந்து ரத்தம் கொட்டியது. காய்ச்சலில் படுத்திருந்த நான் சத்தம் கேட்டு இறங்கி ஓடினேன். அந்தப் பக்கம் முனிரத்தினம் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார், எழுந்திருக்கவில்லை.

"உங்க வேலி, நீங்கதான கட்டணும்" என்றார்.

சார் அந்த வருஷமே இறந்துபோனார். அந்தக் காயத்தால் அல்ல. ஆனாலும் டீச்சர் இரண்டையும் பிரித்துப் பார்த்ததே இல்லை.

காயம் பட்ட மறுநாளே டீச்சர் ஒரு தாளில், கல், கம்பி எதுவும் தன்னுடையது இல்லை, பராமரிப்பும் தன் பொறுப்பில்லை என்று முனிரத்தினம் சொல்வதுபோல எழுதி எடுத்துப் போனார். தொல்லை விட்டது என்று அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். சாட்சிக் கையெழுத்து என்னுடையது. பிறகு டீச்சரே ஆள் வைத்து வேலியைக் கட்டினார், ஒவ்வொரு தை மாதமும் கம்பியை இறுக்கினார்.

சில வருஷம் கழித்து முனிரத்தினம் தன் மனையின் பின்பக்கம் மகனுக்கு வீடு கட்டத் தொடங்கினார். லாரி நுழைய வழி போதவில்லை. சர்வேயரை வைத்து அளந்தபோது, வேலி அவருடைய நிலத்துக்குள்ளேயே இரண்டடி தள்ளி நிற்பது தெரிந்தது. பிடுங்கிக்கொள்கிறேன் என்று வந்து நின்றார். டீச்சர் அவர் கையெழுத்துப் போட்ட சீட்டை எடுத்துக் காட்டினார்.

"கல்லு என்னுதுங்க. எடுக்கணும்னா கோர்ட்டுல உத்தரவு வாங்கிகினு வாங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

கோர்ட்டுக்குப் பயந்து அவர் போகவில்லை. மணலும் செங்கல்லும் தலைச்சுமையாகவே போயின. தினமும் சாயங்காலம் டீச்சர் வேலியோரம் நாற்காலி போட்டு, காப்பி குடித்துக்கொண்டே அதைப் பார்த்தார். எனக்கும் ஒரு நாற்காலி போட்டார். அவ்வளவு ருசியான காப்பியை நான் குடித்ததில்லை, அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை. அந்த வீட்டுக் கார் இன்றும் தெருவில்தான் நிற்கிறது.

பெங்களூரில் இருக்கும் மகனிடம் இதையெல்லாம் ஏன் சொல்லவில்லை என்று டீச்சரை ஒருமுறை கேட்டேன். "வந்து அடிச்சிட்டுப் போயிடுவான். அடிச்சா அன்னைக்கோட தீர்ந்துடும்" என்றார்.

நான் போய்ச் சேர்ந்தபோது டீச்சர் கூடத்தில் கிடத்தப்பட்டிருந்தார். முனிரத்தினம் என்னை ஓரமாக அழைத்து, அந்தச் சீட்டு எங்கே, கிழித்துவிடலாம், டீச்சர் பையனும் வேலியை எடுக்கச் சம்மதித்துவிட்டான் என்றார். போன் செய்தது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது.

டீச்சரின் மகனை மாடிக்குக் கூட்டிப்போனேன். கண்ணாடி உடைந்து அப்பாவுக்குக் கை கிழிந்தது என்றே அவன் நம்பியிருந்தான். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். நேராக இறங்கிப்போய் முனிரத்தினத்தின் முன்னால் நின்றான்.

"வேலி இருக்கட்டுங்க. எங்க வேலிதான, நாங்களே பாத்துக்கறோம்."

டீச்சரின் பொறுமையை நீங்கள் எல்லோரும் பங்குபோட்டுக்கொள்ளுங்கள். அவருடைய கோபத்தை நான் வைத்துக்கொள்கிறேன். முனிரத்தினம் இருக்கும்வரை அது ஆறிவிடாமல் பார்த்துக்கொள்வேன்.