முப்பத்தொரு பேர் எழுதிய குற்றாலப் புத்தகம்

எங்கள் அண்ணாச்சி அவர்கள் சிவபதம் அடைந்து இன்றோடு ஓராண்டு. முப்பத்திரண்டு பக்கத்தில் நினைவு மலர் போட நினைத்தோம். யுத்தகாலக் காகிதத் தட்டுப்பாட்டில் எட்டுப் பக்கமே கிடைத்தது. அதில் எனக்கு இரண்டு. சொல்லவேண்டியது அதற்குள் அடங்குமோ என்ற கவலையோடே தொடங்குகிறேன்.

அண்ணாச்சி பிறந்தது வடகரையில், நெல் விவசாயக் குடும்பத்தில். வாந்திபேதி வந்த ஒரே வாரத்தில் வீட்டில் ஐந்து பேர் போக, மிஞ்சியது அண்ணனும் தம்பியுமாக நாங்கள் இருவர். அண்ணாச்சி அரைப்பட்டினி கிடந்து படித்து, தென்காசியில் ஒரு பள்ளியில் இங்கிலீஷ் ஆசிரியரானார்கள். இருபத்தொன்பது ஆண்டு பணி. என்னையும் படிக்கவைத்து, அதே பள்ளியில் குமாஸ்தாவாகச் சேர்த்துவிட்டார்கள்.

பாடத்தை ஒப்பித்து யாருக்கும் இங்கிலீஷ் வராது என்பது அவர்கள் கொள்கை. பிள்ளைகள் சேர்ந்து ஒரு வேலையைச் செய்யவேண்டும். அந்த வேலைக்கு மொழி தேவைப்படவேண்டும். அப்போது தானே வரும் என்பார்கள். ஆசிரியப் பயிற்சியில் கற்றுவந்த ப்ராஜெக்ட் முறை அது. ஒரு சாரல் காலத்தில் நான்காம் பாரம் வகுப்பு மாணாக்கர் முப்பத்தொரு பேரையும் குற்றாலத்துக்கு நடத்திக் கூட்டிப்போனார்கள். சீசனுக்கு வருவோருக்கு இங்கிலீஷில் வழிகாட்டிப் புத்தகம் எழுதுவதே வேலை. ஒன்பது சனிக்கிழமைகள். மூன்றில் நானும் போனேன்.

பேரருவி அருகே தொப்பி வைத்த துரை ஒருவர் நின்றார். அவரிடம் பேசச் சொல்லி இரண்டு பையன்கள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"ஏலே, நீ போய்க் கேளுலே."

"நீ போயேன். துரை என்னைக் கடிச்சிருவாரு."

"கடிச்சா அதையும் எழுதுலே, ரெண்டு வரி கூடும்" என்றார்கள் அண்ணாச்சி.

'தண்ணீர் என் முதுகில் அடிக்கிறது, நான் சிரிக்கிறேன்' என்று ஒருவன் தன் இங்கிலீஷில் எழுதியிருந்தான். அதை அண்ணாச்சி என்னிடம் மூன்று முறை வாசித்துக் காட்டினார்கள்.

பள்ளிகளைப் பார்வையிட வரும் இன்ஸ்பெக்டர் அந்தப் புத்தகத்தைப் பார்த்துத் திருப்தியடைந்தால் இம்முறை தொடரலாம், இல்லையேல் அன்றோடு நிறுத்திவிடவேண்டும் என்று ஹெட்மாஸ்டர் சொல்லியிருந்தார். கையெழுத்து நன்றாயிருக்கும் என்பதால் நல்ல பிரதி எடுப்பது என் பொறுப்பாயிற்று.

"எழுத்தை மட்டும் பாரு. வார்த்தையத் தொட்டிராத, என்னா?"

"சரி அண்ணாச்சி" என்றேன்.

நாற்பத்தாறு தாள்கள். இருநூற்றுப் பதினேழு பிழைகள். இன்ஸ்பெக்டரும் எண்ணுவாரே என்று பேனாவை எடுத்தேன். அத்தனையையும் திருத்தினேன். அதோடு நிற்காமல், அருவியில் சிரித்த பையனின் வரியை 'வீழ்புனலின் ஸ்பரிசம் இன்பம் பயக்கும்' என்ற தோரணையில் கனத்த இங்கிலீஷாக்கினேன். பக்கத்துக்குப் பக்கம் அப்படியே செய்தேன். ஒப்பிட்டுப் பார்க்க வழி இருக்கக்கூடாதென்று பையன்களின் தாள்களை அடுப்பில் போட்டேன். பைண்டு செய்த புத்தகம் இன்ஸ்பெக்டர் வந்த காலையில்தான் அண்ணாச்சி கைக்குப் போயிற்று.

இன்ஸ்பெக்டர் ஒரு பக்கத்தைத் திறந்து, எழுதியவனை எழுப்பிப் பொருள் கேட்டார். அவன் அந்தப் பக்கத்தை இரண்டு முறை வாசித்தான்.

"இது நான் எழுதினது இல்ல, சார்."

இன்னும் ஆறு பேரைக் கேட்டார். ஆறு பேரும் அதையே சொன்னார்கள். புத்தகத்தை மூடிவிட்டார்.

"என்னவே, நீரே எழுதிட்டுப் பயலுவ தலையில கட்டுதீராக்கும்?" என்றார் ஹெட்மாஸ்டர்.

அண்ணாச்சி என்னை ஒருமுறை பார்த்தார்கள். "தப்பு என்னுதுதான் சார்" என்றார்கள். நான் பதிவேட்டில் குனிந்துகொண்டேன்.

அதன்பின் ஓய்வு பெறும்வரை பதினான்கு ஆண்டுகள் பாடப் புத்தகமும் ஒப்புவித்தலும்தான். ஒரே வீட்டில் இருந்தும் என்னிடம் அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

பக்கவாதத்தில் பத்தொன்பது நாள் கிடந்தார்கள். பன்னிரண்டாம் நாள், சுரண்டையில் கடை வைத்திருக்கும் பழைய மாணாக்கர் ஒருவர் வந்து கட்டிலருகே உட்கார்ந்தார்.

"சார், எங்க இங்கிலீஷு அவ்வளவு கேவலமாவா இருந்திச்சு? அதான் மாத்திட்டீயளா?"

அண்ணாச்சிக்குப் பேச்சு வரவில்லை. கண்ணில் நீர் வழிந்தது. நான் கஞ்சிக் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்றேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

நாள் தவறாமல் வந்த வைத்தியருக்கும், அண்ணாச்சியைப் புரட்டிப் படுக்கவைக்கக் கைகொடுத்த அண்டைவீட்டார் நால்வருக்கும், புளியங்குடியிலிருந்து வந்து பதினாறாம் நாள் காரியம்வரை சமைத்துப்போட்ட மைத்துனிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மாணாக்கர்களுக்கு: உங்கள் சார் உங்கள் எழுத்தில் ஒன்றையும் மாற்றவில்லை. மாற்றியவன் நான். விலாசம் தெரிந்த பதினெட்டுப் பேருக்கு இம்மலர் தபாலில் வருகிறது. தெரியாத ஒன்பது பேரிடம் யாராவது சொல்லிவிடுங்கள். மற்ற நான்கு பேர் காலமாகிவிட்டார்கள். அவர்கள் தங்கள் சாரைத் தவறாக நினைத்துக்கொண்டே போய்விட்டார்கள்.