மந்திரி ஊற்றிய காபி

லோர்ன் ஓஸ்டாப் எப்படி மந்திரி ஆனான் என்று மார்ஷ்கிரீக்கில் யாரைக் கேட்டாலும், அவனுடைய உழைப்பு, நேர்மை, பிள்ளைகளுக்கு ஐஸ் ஹாக்கி பழக்கிய பொறுமை என்று அடுக்குவார்கள். வெர்னா கொவாலைக் கேட்டால் ஒரே பதில்தான். "என் புருஷன் செத்தான், அவன் மந்திரி ஆனான்." அவளுக்கு வாய்க்கொழுப்பு என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும். அவள் சொன்னதில் பொய் என்ன இருக்கிறது?

நெஸ்டர் கொவால் கோதுமை போட்ட குடியானவன். ஒரு ஜனவரி மாதம், சாப்பிட்டு முடித்துத் தட்டைத் தொட்டியில் போட்டவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். ஊர் ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. ஆனால் டாக்டர் கிடைக்கவில்லை என்று காரணம் சொல்லி, இருட்டினால் அவசரப் பிரிவைப் பூட்டிவிடும் வழக்கத்தை அந்த வருஷம்தான் தொடங்கியிருந்தார்கள். ஆம்புலன்ஸ் வேறு யாரையோ ஏற்றிக்கொண்டு நகரத்துக்குப் போயிருந்தது. வெர்னாவே அவனைப் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு பனியில் நகரத்தைப் பார்த்து ஓட்டினாள். பாதி வழியில் பக்கத்து இருக்கையில் மூச்சுச் சத்தம் நின்றுபோனது. அதற்குப் பிறகும் அவள் வண்டியை நிறுத்தவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்களில் லோர்னும் ஒருவன். அப்போது அவன் விதை வியாபாரி, நெஸ்டரோடு ஒரே அணியில் ஹாக்கி ஆடியவன். வெர்னாவின் கையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதான்.

"இதை நான் சும்மா விடமாட்டேன் வெர்னா. சட்டசபையில போய்க் கத்துறதுக்கு நம்ம பக்கத்து ஆளு ஒருத்தன் வேணும்."

"அப்ப நீயே போ," என்றாள் அவள்.

போனான். கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில், துக்கத்துக்குப் போட்ட அதே கறுப்புக் கோட்டோடு எழுந்து நின்று அவன் பெயரை முன்மொழிந்தவள் வெர்னா. அவன் பெயர் எழுதிய பலகைகளை வீட்டுக்கு வீடு புல்தரையில் சம்மட்டியால் அடித்து நட்டவளும் அவள்தான். உள்ளங்கை கொப்புளித்துப்போனது. லோர்ன் ஜெயித்தான்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், ஆரம்பத்தில் அவன் உழைத்தான். எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்திருந்த காலம் அது. சபை கூடும் நாளெல்லாம் எழுந்து நின்று மார்ஷ்கிரீக் ஜனங்கள் கையெழுத்துப் போட்ட மனுவை வாசிப்பான். எதிரே ஆளுங்கட்சிக்காரர்கள் கொட்டாவி விடுவார்கள், இவன் விடாமல் வாசிப்பான். கடைசியில் மானக்கேடு தாங்காமல் அவசரப் பிரிவை இரவிலும் திறந்தார்கள். அன்றைக்கு ஊரே ஆஸ்பத்திரி வாசலில் நின்று கைதட்டியது. வெர்னா வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

பிறகு செல்போன் கோபுரத்துக்காகப் பேசினான், பள்ளிக்கூட பஸ்ஸுக்காகப் பேசினான். ஆனால் அவனுக்குப் பேர் வாங்கித் தந்தது ஒரு மசோதாதான். ஊர்க் கூட்டம் போட்டு ஜனங்களின் வாயால் கேட்காமல் எந்த ஆஸ்பத்திரியின் இரவுக் கதவையும் மூடக் கூடாது என்பது அதன் சாரம். அதற்கு அவனே நெஸ்டர் சட்டம் என்று பெயர் வைத்தான். எதிர்க்கட்சிக்காரன் மசோதாவை யார் நிறைவேற்றுவார்கள்? கூட்டத்தொடர் முடியும், மசோதாவும் அதோடு செத்துவிடும். மறுபடி கொண்டுவருவான், மறுபடி சாகும். ஒவ்வொரு முறையும் அவன் பேச்சில் நெஸ்டர் அந்த வண்டிக்குள் மறுபடி மறுபடி செத்தான். போகப்போகக் கதைக்குக் கையும் காலும் முளைத்தன. நெஸ்டர் சாகும்போது, "நம்ம ஊரை விட்டுடாதீங்க," என்று சொன்னதாக லோர்ன் ஒரு மேடையில் தழுதழுத்தான். நெஸ்டர் கடைசியாகச் சொன்னது "ஹீட்டரைக் கூட்டு" என்பதுதான். கேட்டது வெர்னா ஒருத்திதான். நல்ல காரியத்துக்குத்தானே என்று அவள் வாயைத் திறக்கவில்லை.

பிறகு லோர்னின் கட்சி ஆட்சிக்கு வந்தது. முதலில் பின்வரிசை, அப்புறம் ஒரு சின்ன இலாகா, கடைசியில் சுகாதாரம். நெஸ்டர் சட்டம் என்ன ஆயிற்று என்று வெர்னா கேட்டபோதெல்லாம், "நேரம் வரட்டும்," என்றான். நேரம் வந்தது, வேறு விதமாக. ஒரு செப்டம்பர் மாதம் வானொலியில் செய்தி வாசித்தார்கள். சின்ன ஊர்களின் இரவுச் சிகிச்சையை நகரத்து ஆஸ்பத்திரியோடு இணைக்க மந்திரி ஓஸ்டாப் யோசிக்கிறாராம்.

அவன் தொகுதி அலுவலகத்துக்கு வந்திருந்த அன்று வெர்னா நேரே உள்ளே போனாள்.

"என்ன லோர்ன், நெஸ்டரைத் தோண்டி எடுத்து மறுபடி சாகடிக்கப் போறியா?"

"உட்காரு வெர்னா. இன்னும் முடிவாகல. மந்திரிசபையில வைக்கணும்."

"உன் சட்டம் எங்க? ஊரைக் கேக்காம மூடக் கூடாதுன்னு தொண்டை கிழியக் கத்துனியே!"

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். இத்தனை பேர் இந்த ஆபீசுக்கு வர்றாங்க. ரோடு கேக்குறாங்க, ஹாக்கி அரங்கத்துக்குக் கூரை கேக்குறாங்க. ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, என் மூஞ்சிக்கு நேரா இதை வேணாம்னு சொல்லியிருப்பானா? நீ ஒருத்திதான் சொல்ற."

"பின்னாடி எல்லாரும் திட்டுறாங்க."

"பின்னாடி பேசுறதை வச்சு நான் அங்க போய் எப்படிச் சண்டை போடுறது? ஞாயித்துக்கிழமை அறுவடை விருந்துக்கு வர்றேன். ஊரு வேணாம்னா எனக்குத் தெரியுற மாதிரி காட்டட்டும். அதை அப்படியே கொண்டுபோய் வைக்கிறேன். சத்தியமா."

அவன் சொன்னதில் பாதி உண்மை இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். பக்கத்து வீட்டு மாடு பயிரை மேய்ந்தால்கூட, முதலில் மழையைப் பற்றிப் பேசி, அவன் பேரப்பிள்ளைகளை விசாரித்து, கடைசியில் மாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் திரும்பி வருகிற ஜனங்கள் இவர்கள். வாய் திறந்து வேண்டாம் என்று சொல்லச் சொன்னால் நடக்காது. வாய் திறக்காமல் சொல்ல ஒரு வழி வேண்டும். வெர்னா யோசித்தாள்.

அறுவடை விருந்தில் தொகுதி உறுப்பினர்தான் காபி ஊற்ற வேண்டும். எந்தக் கட்சிக்காரனாக இருந்தாலும் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக வரவேண்டும், அது அந்தப் பக்கத்து வழக்கம். மேசைகளில் கோப்பைகள் கவிழ்த்தே வைத்திருக்கும். வேண்டியவர்கள் நிமிர்த்திக்கொள்வார்கள். வேண்டாதவர்கள் தொடமாட்டார்கள்.

பலகை நட்ட அதே வீடுகளுக்கு வெர்னா மறுபடி நடந்தாள். "லோர்ன் வர்றப்ப கோப்பையை நிமுத்தாதீங்க. அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேச வேணாம்." எல்லோருக்கும் பிடித்திருந்தது. பக்கத்து வீட்டு லூசில் கைகொட்டிச் சிரித்தாள். அவள் புருஷன் ராய்க்குப் போன வருஷம்தான் அடைப்பு வந்து இதயத்தில் குழாய் வைத்திருந்தார்கள்.

"அவன் மூஞ்சியைப் பாக்கணும்டி வெர்னா! கெட்டிலை அப்படியே தூக்கிட்டுத் திரும்பிப் போகணும் அவன்," என்றாள் லூசில்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. வான்கோழி, பெரோகிக் கொழுக்கட்டை, முட்டைக்கோஸ் சுருள், பூசணி இனிப்பு அடைத்துச் சுட்ட பை என்று மேசைகள் நிறைந்திருந்தன. லோர்ன் கோட்டைக் கழற்றி, சட்டைக் கையைச் சுருட்டி, இடுப்பில் துணி கட்டிக்கொண்டு கெட்டிலோடு வந்தான். எல்லாக் கோப்பைகளும் கவிழ்ந்திருந்தன.

முதல் மேசையில் ராயும் லூசிலும் இருந்தார்கள்.

"என்ன ராய், முழங்கால் எப்படி இருக்கு? உன் பேத்தி கோல் போட்டாளாமே, தலைநகர் வரைக்கும் சேதி வந்துச்சு!"

"ரெண்டு கோல்," என்றான் ராய். அவன் முகம் மலர்ந்தது. அவன் கை தானாகப் போய்க் கோப்பையை நிமிர்த்தியது.

லூசில் வெர்னா பக்கம் பார்க்கவில்லை. அவளும் நிமிர்த்தினாள். "அரைக் கோப்பை போதும் லோர்ன், தூக்கம் வராது," என்றாள்.

அவ்வளவுதான், அணை உடைந்தது. லோர்னுக்கு எல்லோர் பெயரும் தெரியும், அவர்கள் நாய்களின் பெயரும் தெரியும். பெயரைச் சொல்லி, சிரித்து, கெட்டிலை நீட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறவனிடம் எப்படி வேண்டாம் என்பது? தாட்சண்யம் தனநாசம் என்பார்கள். இங்கே போனது தனமா, உயிரல்லவா! ஒவ்வொரு மேசையாகக் கோப்பைகள் நிமிர்ந்துகொண்டே வந்தன. பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு நிமிர்த்தினார்கள். ஆண்கள் நன்றி சொல்லி நிமிர்த்தினார்கள்.

வெர்னாவின் கோப்பை மட்டும் கவிழ்ந்திருந்தது.

"ஒரு வாய்?" என்றான் லோர்ன்.

"வேணாம்."

"நம்ம ஊரு காபி வெர்னா."

"ராத்திரிக் கதவைத் திறந்து வச்சுட்டு வந்து ஊத்து, குடிக்கிறேன்!" மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

சத்தம் அடங்கியது. யாராவது எழுந்து ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று வெர்னா காத்திருந்தாள். எதிர் வரிசையில் யாரோ, "அந்தக் குழம்பை இப்படித் தள்ளுங்க," என்றார்கள். கரண்டிச் சத்தம் மறுபடி கிளம்பியது. லோர்ன் அவள் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனான்.

அந்த வாரமே, சின்ன ஊர்களின் இரவுப் பிரிவை மூடும் அறிவிப்பு சபையில் வந்தது. வெர்னா வீட்டில் தனியாக டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். "ஊரைக் கேட்டீர்களா? உங்கள் நெஸ்டர் சட்டம் எங்கே?" என்று எதிர்க்கட்சியில் ஒருத்தி கேட்டாள். லோர்ன் மெதுவாக எழுந்தான்.

"சபாநாயகர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமை என் ஊர் மக்கள் அத்தனை பேருக்கும் என் கையால் காபி ஊற்றினேன். என் மீது கோபம் இருப்பவர்கள் கோப்பையைக் கவிழ்த்துவைக்கலாம். ஒரே ஒரு கோப்பைதான் கவிழ்ந்திருந்தது. அது நெஸ்டரின் மனைவியுடையது. அந்தச் சகோதரியின் துயரத்துக்கு நான் தலைவணங்குகிறேன்." குரல் சரியான இடத்தில் உடைந்தது. அவன் பக்கத்து வரிசைகள் மேசையைத் தட்டி ஆரவாரம் செய்தன.

பாவி! ஊமை ஜனங்களுக்கு அவள் கண்டுபிடித்துக் கொடுத்த மொழியை, அவன் சம்மதமாக மாற்றி எழுதிக்கொண்டுபோய்விட்டான்.

கொஞ்ச நேரத்தில் லூசில் துணி மூடிய பூசணிப் பைத் தட்டோடு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"பாத்தியா வெர்னா? உன்னைப் பத்தி எவ்வளவு மரியாதையா சொன்னான். எனக்கு அழுகையே வந்துருச்சு. எங்களுக்குப் புரியுதுடி. நெஸ்டரை மறக்க முடியல உனக்கு."

"நெஸ்டருக்காகவா?" வெர்னா எழுந்து நின்றாள். "அடிப்பாவி, என் புருஷன் எப்பவோ மண்ணுக்குள்ள போயாச்சு. அவனுக்கு இனி எந்த ஆஸ்பத்திரி எதுக்கு? நான் கவுத்து வச்சது உன் புருஷனுக்காகடி! ராயோட நெஞ்சுக்காக! நீ அவன் பக்கத்துல உக்காந்து நிமுத்துன!"

லூசில் தட்டின் மேலிருந்த துணியை எடுத்து, நான்காக மடித்து, வெர்னாவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"பூசணிப் பை இன்னும் சூடாத்தான் இருக்கு. ஆறுறதுக்குள்ள ஒரு துண்டு சாப்பிடு."