முகூர்த்தமும் கொஞ்சம் டீசல் புகையும்

போன வாரம் எங்கள் உத்திரமேரூரில் ஒரு கல்யாணம் நடந்தது. நடந்தது என்று இன்று நிம்மதியாக எழுதுகிறேன். அன்று காலை பொண்ணும் மாப்பிள்ளையும் மணவறையில் உட்கார்ந்திருக்க, எதிரே வெறும் நாற்காலிகளைப் பார்த்தபோது எனக்கு உயிரே போய்விட்டது.

பொண்ணு என் அக்கா மகள் கயல். சென்னையில் வேலை. என்ன வேலை என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே அக்கா இளைத்துவிட்டாள். பெரிய பெரிய கட்டடங்கள் எவ்வளவு புகை விடுகின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை. "கட்டடம் எங்கம்மா புகை வுடுது? அது இன்னா அடுப்பா?" என்பார்கள் சொந்தக்காரர்கள். நியாயம்தானே?

கயல் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். கட்டடத்துக்குப் புகைபோக்கி கிடையாது. ஆனால் அது தின்கிற கரண்டுக்கு எங்கோ நிலக்கரி எரிகிறது. ஜெனரேட்டருக்கு டீசல். ஏ.சி.யிலிருந்து கசிகிற கேஸ் வேறு. எல்லாவற்றையும் ஒரே கணக்காக்கி, எந்தக் கட்டடம் மோசம் என்று பார்க்க வேண்டும். இங்கேதான் சண்டை. மொத்தமாகப் பார்த்தால் பெரிய கட்டடம் தோற்கும். சதுர அடிக்கு இவ்வளவு என்று வகுத்தால்...? ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்காரர் அப்படித்தான் வகுத்து, "எங்களுதுதான் சுத்தம்" என்று மார் தட்டினாராம். கயல் போய்ப் பார்த்தால் பாதி மாடிகளில் ஆளே இல்லை! பூட்டிப் போட்ட மாடி எங்கே புகை விடும்?

"தலைக்கு எவ்ளோன்னு பாக்கணும் மாமா. ஆளே இல்லாத எடத்துல ஏ.சி. ஓடிக்கினு இருந்தா அதான் பெரிய பாவம்" என்பாள்.

ஊரார் கட்டடங்களை அளந்துகொண்டிருந்த வரை எங்களுக்கு வம்பில்லை. தன் கல்யாண மண்டபத்தையும் அளக்க ஆரம்பித்தாள்.

எங்கள் பக்கத்து மண்டபங்களில் ஒரு வழக்கம் உண்டு. கரண்டு இருந்தாலும் சரி, முகூர்த்தத்துக்கு அரை மணி முன்னால் ஜெனரேட்டரைப் போட்டுவிடுவார்கள். தாலி கட்டும்போது விளக்கு அணைந்தால் அபசகுனம் அல்லவா? முன்பெல்லாம் கரண்டு அடிக்கடி போகும். இப்போது அவ்வளவாகப் போவதில்லை. பயம் மட்டும் போகவில்லை.

"கரண்டு போனா மட்டும் போடுங்க" என்று கயல் உத்தரவு போட்டாள். மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் கரீம் பாய் தலையைச் சொறிந்தார்.

"இன்னாம்மா, பேஜாரா கீதே... இங்க ஜெனரேட்டர் ஓடாம ஒரு தாலிகூட ஏறினதில்ல."

"நான் ஏத்திக் காட்றேன் பாய்!"

தாய்மாமன் என்ற முறையில் நானும் அவள் பக்கம்தான் பேசினேன். பத்தி எழுதுகிறவன் முற்போக்காக இல்லாவிட்டால் எப்படி?

முகூர்த்த நாள் வந்தது. ஐயர் "நேரமாகுது" என்கிறார். மண்டபத்தில் இரண்டு வீட்டு ஆட்கள், தூங்கி வழியும் ஒரு தாத்தா, ஜில்லென்ற காற்று — அவ்வளவுதான். வந்த ஜனம் எங்கே? ஓடிப்போய்ப் பார்த்தேன். பாதிப் பேர் பந்தியில் நாஷ்டா. மீதிப் பேர் வாசலில் டீ. மாகறலிலிருந்து வேன் பிடித்து வந்த கூட்டம் வேனுக்குள்ளேயே அரட்டை.

"தாலி கட்டப் போறாங்க, வாங்கப்பா!"

"இன்னா அவசரம் சார்? ஜெனரேட்டரே போடலியே" என்றார் ஒருவர், இன்னொரு கரண்டி பொங்கலுக்கு இலையைக் காட்டிக்கொண்டே.

அப்போதுதான் புரிந்தது. எங்கள் ஜனத்துக்கு அந்த இரைச்சல்தான் அழைப்பு மணி! மேளம் காலையிலிருந்து முழங்குகிறது, அதை யார் கண்டுகொள்கிறார்கள்? மைக்கில் கத்திப் பார்த்தேன். "வாசலை மறித்து நிற்கும் பைக்கை எடுக்கவும்" என்று அதே மைக் வெகுநேரமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தது. பைக்கே நகரவில்லை... ஜனம் நகருமா?

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "ஒத்தப் பொண்ணுடா தம்பி. நாலு பேர் பாக்காத கல்யாணமாடா பண்ணிக் குடுக்கறது?" ஊரைக் கூப்பிட்டு, ஊரே வந்தும், அட்சதை போட ஆளில்லை என்றால் எந்தத் தாய் தாங்குவாள்?

கயல் நிமிர்ந்து அந்தப் பெரிய மண்டபத்தை ஒரு பார்வை பார்த்தாள். வரிசையாக ஓடும் ஏ.சி.கள். வரிசையாகக் காலி நாற்காலிகள். உதடு முணுமுணுத்தது. மந்திரம் சொல்கிறாள் என்று நினைத்தேன், வகுத்துக்கொண்டிருந்தாள். இத்தனை ஏ.சி.யை இந்தச் சொற்ப ஆட்களுக்கு வகுத்தால், அந்தக் கண்ணாடிக் கட்டடமே தேவலை என்றுதான் வந்திருக்கும். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அதற்குமேல் வகுக்கவில்லை.

"பாய்! ஜெனரேட்டரைப் போடுங்க!" — கல்யாணப் பொண்ணு போட்ட சத்தத்தில் மாப்பிள்ளையே ஒரு அங்குலம் நகர்ந்து உட்கார்ந்தார்.

மண்டபத்துக்குப் பின்னால் தடதடவென்று ஒரு உறுமல், குப்பென்று கரும்புகை. அவ்வளவுதான்! கையைக் கழுவியும் கழுவாமலும் ஓடி வந்தார்கள். வேன் காலி. உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்றார்கள். பறந்து வந்த அட்சதையில் மாப்பிள்ளைக்கு முடிச்சு எங்கே போடுவதென்றே தெரியவில்லை. அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். நானும்தான்.

மறுவீட்டுக்கு வந்தபோது கயலைச் சீண்டினேன். "அந்தப் புகையை எந்தக் கணக்குலம்மா எழுதப் போற? கரண்டா, டீசலா?"

"ரெண்டும் இல்ல மாமா. கல்யாணப் பத்திரிகை அடிச்ச கணக்குல எழுதிக்கோங்க. நெஜமா ஜனத்தக் கூப்ட்டது அதானே?"