அம்மா போட்ட கையெழுத்து

நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது எங்கள் பள்ளிக்கு ஓர் ஆராய்ச்சி மாணவி வந்தார். வளரும் பெண்பிள்ளைகளின் மனநிலை பற்றிய ஆய்வு என்றார்கள். நாங்கள் அவரை அக்கா என்று கூப்பிட்டோம். நூலக அறைக்கு ஒவ்வொருவராக அழைத்து, செல்போனில் பதிவு செய்தபடி பேசினார்.

"நீ சொல்றது நம்ம ரெண்டு பேருக்குள்ளதான் இருக்கும்" என்றார்.

அதுவரை யாரும் என் பேச்சை அவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை. அம்மாவுக்குத் திருமழிசையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. ஷிஃப்ட் முடிந்து வந்தால் சமைத்துவிட்டுப் படுத்துவிடுவாள். "அம்மா செத்துட்டாகூட எனக்கு அழுகை வருமான்னு தெரியலக்கா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன உடனே அழுதேன். அக்கா தண்ணீர் கொடுத்தார்.

அடுத்த மாதம் பெற்றோர் கூட்டத்தில் அக்கா மேடையேறினார். "பிள்ளைங்க மனசுல என்ன இருக்குன்னு நீங்களே கேளுங்க" என்று ஒரு பதிவை ஓடவிட்டார். ஒலிபெருக்கியில் என் குரல். என் பெயரைச் சொல்லவில்லைதான். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்குப் பெயர் தேவைப்படவில்லை.

கூட்டம் முடிந்ததும் ஓடிப்போய், "யாருக்கும் சொல்ல மாட்டேன்னீங்களே" என்றேன்.

"பேரு வரலையேம்மா. உங்கம்மா சம்மதிச்சுக் கையெழுத்து போட்டிருக்காங்க."

பஸ் நிறுத்தத்துக்கு வந்தோம். அம்மா கேட்டாள்: "என்னாண்ட ஒரு வார்த்தை சொல்லிருந்தா இன்னா?"

"நீ ஏம்மா கையெழுத்து போட்ட?"

"படிப்புக்கு நல்லதுன்னாங்க, போட்டேன். நீ இன்னா பேசுவன்னு எனக்கின்னா தெரியும்?"

"என்னைக் கேக்கலியே நீ."

அவள் என்னையே பார்த்தாள். "நெசமாவே அழுகை வராதா?" என்றாள். வரும் என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. வீட்டில் பல நாள் சாப்பாட்டைத் தட்டில் போட்டு வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஆனாலும் ஒருநாள் லீவு போட்டுவிட்டு என்னோடு பள்ளிக்கு வந்தாள். அக்காவிடம், "இவ வேணான்றா. இவ பேசுனத்த அழிச்சிடு" என்றாள். அக்கா செல்போனிலிருந்து அழித்துக் காட்டினார்.

"வேற எங்கியாச்சும் வெச்சிருக்கியா?"

"கம்ப்யூட்டர்ல இருக்கும்மா. எங்க ஆராய்ச்சி கைடு சார்கிட்ட கேட்டுட்டு எடுத்துடறேன்."

அப்போதும் அவர் அம்மாவைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். அதன்பின் பள்ளிக்கு வரவில்லை. எடுத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.