நான்கு பேருக்கு வைத்த இடம்

ராட்டர்டாமில் மழை சொல்லிவிட்டு வருகிறது. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பெண்மணி கைப்பேசியைப் பார்த்துவிட்டு, "இன்னும் பதினோரு நிமிடம்" என்று குடையை விரிக்காமலே நிற்பார். பதினோராவது நிமிடம் தூறல் விழும். கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் இந்த ஊரில் எந்தத் தெருவில் எவ்வளவு நீர் தேங்கும், எந்த வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார் என்பதெல்லாம் வரைபடத்தில் இருக்கிறது. விருத்தாசலத்தில் மணிமுத்தாற்றில் வெள்ளம் வருவதைப் பாலத்தின் மேல் கூட்டம் கூடுவதை வைத்துத்தான் நாங்கள் தெரிந்துகொள்வோம்.

அப்படி வரைபடம் செய்யும் ஒரு சிறு நிறுவனத்தில்தான் எனக்கு வேலை. செயற்கைக்கோள் படத்தில் ஒவ்வொரு கூரையையும் சுற்றிக் கோடு போட்டு, மனிதர் வசிப்பது என்றால் பச்சை, இல்லையென்றால் சாம்பல் என்று குறிக்க வேண்டும். கொஞ்சம் குறித்துக் காட்டினால் போதும். மிச்சத்தைச் செயற்கை நுண்ணறிவு தானே கற்றுக்கொண்டு குறித்துவிடும். கூரையின் அளவைப் பார்த்து உள்ளே எத்தனை பேர் என்றும் சொல்லும். வெள்ளக் காலத்தில் படகுகள் எந்த வாசலுக்குப் போக வேண்டும் என்று தமிழ்நாட்டுச் சிறுநகரங்களுக்கு ஒரு பட்டியல் தயாரிக்கும் பணி வந்தது. அதில் விருத்தாசலமும் இருந்தது. அந்த ஊர்க்காரி என்பதால் என்னிடமே கொடுத்தார்கள்.

பக்கத்து மேசை மார்ட்டைன் என் திரையை எட்டிப் பார்த்து, நீளமான சிமெண்ட் ஷீட் கூரைகளைக் காட்டி, "இது என்ன?" என்றான். பீங்கான் தொழிற்கூடங்கள், பல மூடிக்கிடக்கின்றன என்றேன். "இதற்குள் மனிதர்கள் வசிப்பார்களா?" என்று புருவத்தை உயர்த்தினான்.

அவன் விரல் வைத்திருந்த கூரைக்குக் கீழேதான் என் லூர்து அக்கா இருந்தாள். கம்மாபுரத்தில் அவர்கள் நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போன பிறகு, மாமா விருத்தாசலம் வந்து பீங்கான் வேலைக்குச் சேர்ந்தார். பக்கவாதம் வந்து இடது கால் விழுந்துவிட்டது. கூடம் மூடியதும், காவலுக்கு இருந்துகொள்ளுங்கள் என்று முதலாளி அந்த ஷெட்டை விட்டுக்கொடுத்தார். சூளைக்குப் பக்கத்தில் கட்டில், களிமண் காயவைக்கும் பலகை அடுக்கில் பாத்திரங்கள், சுவரில் மாதா படம். எனக்கு அந்த உயர்ந்த புருவம்தான் தெரிந்தது.

"இல்லை, யாரும் வசிப்பதில்லை" என்றேன். சொன்னதற்கு ஏற்றபடி சாம்பல் நிறத்தைக் கொட்டினேன். செயற்கை நுண்ணறிவு அதைக் கற்றுக்கொண்டு, அதே மாதிரி நீண்ட கூரைகளை எல்லாம் ஊர் முழுக்கச் சாம்பலாக்கியது. ஜங்ஷனுக்குப் பின்னால் நான் கட்டிப் பூட்டி வைத்திருந்த மாடி வீட்டைப் பச்சையாக்கி, நான்கு பேர் என்று போட்டது. பார்த்துச் சிரித்துக்கொண்டேன். திருத்தவில்லை.

அடுத்த ஐப்பசியில் வெள்ளம் வந்தது. மாமா இறந்த செய்தியைத் தொலைபேசியில் கேட்டுப் புறப்பட்டேன். போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. ஷெட்டுக்குள் மார்பு உயரத்துக்குச் சேற்றுக் கோடு. அக்கா தரையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"விடியக்காலம் தண்ணி ஏறிச்சு. அவரப் பலகை அடுக்கு மேல தூக்கி ஒக்கார வச்சேன். படகு வந்துது. பொடவைய ஆட்டிக் கூப்ட்டேன். அந்தத் தம்பி போனப் பாத்துட்டு, 'இந்த ஷெட்டு லிஸ்ட்டுல இல்லீங்க. அந்தாண்ட ஒரு மாடி வூட்டுல நாலு பேரு இருக்காங்க, அவங்களுக்கு எடம் வச்சிருக்கணும். ஏத்திட்டு வந்துடறோம்'னாரு. போனாங்க. அது ஒன் வூடு. பூட்டுன கதவத் தட்டிக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாங்களாம். திரும்பி வர்றதுக்குள்ள பலகை சாஞ்சிடிச்சி."

ஷெட்டைச் சாம்பலாக்கியது நான்தான் என்று சொல்லாமல் திரும்பியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவள் துடைப்பத்தை ஓங்கித் தேய்த்த சத்தத்தில் என் வாய் திறந்துகொண்டது. கேட்டு முடிக்கும்வரை அக்கா நிமிரவில்லை.

"அவன் கேட்டது ஒனக்கு வெக்கமா இருந்துதா?"

"ஆமாக்கா."

"நீ வீடியோல கூப்புட்டா ஒங்க மாமா கால் மேல போர்வையப் போட்டுக்குவாரு. பாத்தா ஒனக்குக் கஷ்டமா இருக்குமாம்."

மாடி வீட்டுக்கு வந்துவிடு என்றேன். "காலு விழுந்தப்பவே கேட்டேனே ஸ்டெல்லா. அவரு சக்கர நாற்காலி டைல்ஸக் கீறிடும்னு சொன்ன" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

அன்று மார்ட்டைனைத் தொலைபேசியில் அழைத்தேன். அந்தக் கூரைகளுக்குள் ஆட்கள் இருக்கிறார்கள், எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்றேன். நேரில் போய்ச் சரிபார்த்த தகவல் வந்தால்தான் மாற்ற முடியும் என்றான். பிறகு, "அன்று ஏன் இல்லை என்றாய்?" என்றான். நீ கேட்ட விதம் என்றேன். அவனுக்குப் புரியவில்லை. "நானே வீடாக மாற்றிய பழைய சர்க்கரைக் கிடங்கு ஒன்றில்தான் வசிக்கிறேன். உங்கள் ஊரிலும் அப்படி வாழ்கிறார்களோ என்று ஆசையாகக் கேட்டேன்." 

நான் கிளம்புவதற்கு முந்தைய நாள் காலையில், வெள்ளம் புகுந்த இடங்களைக் கணக்கெடுக்கும் பெண் டேப்லெட்டுடன் வந்தாள்.

"இங்க எத்தன பேருங்க இருக்கீங்க?"

"ஒருத்திதாம்மா" என்றாள் அக்கா.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "இவங்க?"

"அவங்க வெளியூரு. நாளைக்குப் போயிருவாங்க."

என் அக்கா என்னை 'அவங்க' என்றது அதுதான் முதல் தடவை. அந்தப் பெண் தட்டச்சு செய்துகொண்டாள். பிறகு அக்காவை வாசலில் நிற்கச் சொல்லி, கூரையும் ஆளும் சேர்ந்து தெரிகிறாற்போல டேப்லெட்டைத் தூக்கிப் பிடித்தாள். நான் அக்காவின் தோளை ஒட்டி நின்றிருந்தேன்.

"மேடம், நீங்க கொஞ்சம் தள்ளிக்கோங்க. இங்க இருக்கறவங்க மட்டும்தான் படத்துல வரணும்."

ஓரடி நகர்ந்தேன். இன்னும் என்று கையைக் காட்டினாள். உடைந்த பீங்கான் துண்டுகள் செருப்புக்கடியில் நொறுங்க, என் நிழலும் அந்த வாசலில் விழாத தூரம்வரை பின்னால் நடந்தேன்.