மூன்று வெளியூர் இடங்கள்

ஜனவரி 18, வியாழக்கிழமை. வழமைபோல் விடிய எழும்பித் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்து, குளித்து, சாமி கும்பிட்டு, சைக்கிளில் கூட்டுறவுச் சங்கத்துக்குப் புறப்பட்டேன். மைதானத்துப் பின்வீதியில் பேக்கரிப் பாண் வான் நின்றது. எங்கள் அணியின் இடதுபக்க ஆட்டக்காரன், பிறந்த ஊரின் பெயரால் எல்லோரும் ‘சுழிபுரம்’ என்று கூப்பிடுகிறவன், மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டு வாசல் படலையடியில் பாண் வாங்கிக்கொண்டிருந்தான். பின்னேரம் பயிற்சி உண்டா என்று கேட்டான். உண்டு என்றேன். சங்கத்தைத் திறந்து, தராசைத் துடைத்து, வந்திருந்த உரப் பைகளை இறக்குவித்தேன்.

பகலில் நான் சங்கத்தின் களஞ்சியப் பொறுப்பாளர். மாலையில் எங்கள் ஊர் உதைபந்தாட்ட அணியின் முகாமையாளர். சீசன் தொடங்குமுன் யாரை வைத்திருப்பது, யாரை விடுவது, யாருடன் ஒப்பந்தம் எழுதுவது எல்லாம் என் பொறுப்பு. லீக்கின் விதி இதுதான்: ஊரில் குடியிருப்பவர்கள் எத்தனை பேரும் ஆடலாம். வெளியூரார் மூன்று பேர் மட்டும். முதல் போட்டியன்று ஒருவர் எங்கே குடியிருக்கிறாரோ அதுதான் அவருடைய ஊர். அதற்குக் கிராம சேவகரின் கடிதம் வேண்டும்.

என் மூன்று இடங்களும் நிரம்பியிருந்தன. முன்னுக்கு அடிக்க ஒரு கிளிநொச்சிப் பொடியன். இடதுபக்கம் சுழிபுரம். மூன்றாவது, கீப்பர் றொபின்சன். குருநகரில் கடற்றொழில் செய்கிறவன். வேறொரு அணி கூப்பிட்டபோது என் வார்த்தையை நம்பி மறுத்துவிட்டான். மற்ற அணிகள் தங்கள் வெளியூர் இடங்களை நிரப்பி முடித்துவிட்டன. நாங்கள் வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் பெயர்களைக் கொடுக்க வேண்டும். ஒப்பந்தங்களில் கையெழுத்து மட்டும் பாக்கி.

மத்தியானம் கப்டன் ரூபன் சங்கத்துக்கு வந்து, கலியாண அழைப்பிதழை நீட்டினான்.

“வாற மாசம் அண்ணை. கட்டாயம் வரவேணும்.”

“பெம்பிளை எந்த இடம்?”

“இணுவில். கோயிலுக்குக் கிட்ட வீடு.”

கையைப் பிடித்து வாழ்த்தினேன். பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை அங்கே போய்விடுவார். முதல் போட்டிக்கு முன்பே கலியாணம். எங்கள் ஊரிலேயே பிறந்து வளர்ந்த கப்டன் நாலாவது வெளியூரான் ஆகப்போகிறான்.

“ஏன் ராசா முந்தியே சொல்லேல்லை?”

“போன கிழமைதான் அண்ணை எல்லாம் பொருந்தி வந்தது. அம்மா ஒருத்தரிட்டையும் கதைக்க வேண்டாமெண்டவா, கண்ணூறு பட்டிடுமாம்.”

கோச்சுக்குப் போன் எடுத்தேன். கலியாணத்தைப் பற்றி மூச்சுவிடாமல் இருப்போம், யார் இணுவிலுக்குப் போய்ப் பார்க்கப்போகிறார்கள் என்றார். லீக்கில் பாதிப்பேர் அந்தக் கலியாணத்தில்தான் சாப்பிடப்போகிறார்கள் என்றேன். அவர் அடுத்த வழியைச் சொன்னார்.

“அப்ப றொபின்சனை விடுங்கோ அண்ணை. வேறை வழியில்லை. கப்டன் இல்லாமல் என்னெண்டு விளையாடுறது?”

மூன்று மணியளவில் றொபின்சனே போன் எடுத்தான்.

“அண்ணை, இந்தச் சீசன் முடியுமட்டும் நாள்கணக்காக் கடலிலை நிக்கிற பலநாள் படகுக்கு வரேல்லையெண்டு படகுக்காரச் சம்மாட்டியிட்டைச் சொல்லிப்போட்டன். அவர் வேறை ஆளைப் போட்டிட்டார். சரிதானே?”

நாளைக்குக் கதைக்கிறேன் என்று வைத்துவிட்டேன். அவனுக்கு இப்போது படகும் இல்லை, நான் கைவிட்டால் அணியும் இல்லை.

யோசித்துப் பார்த்ததில் ஒரே ஒரு வழி தெரிந்தது. பயிற்சியைக் கோச்சிடம் விட்டுவிட்டு இணுவிலுக்குப் போனேன். பெண்ணின் தாயார் கதிரை போட்டு, தேத்தண்ணீரும் பயித்தம் பணியாரமும் வைத்தார். சீசன் முடியும்வரை பிள்ளைகள் இரண்டு பேரும் ரூபனின் வீட்டில் இருக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. புதுப் பெயின்ற் அடித்த சுவரைக் காட்டினார்.

“தம்பி, உது ஆருக்கு அடிச்சது? தாலி கட்டின நாளையிலையிருந்து அவர் எங்கடை ஊர் ஆள். நீங்கள் மட்டும் உங்கடை ஊருக்கு வந்த மாப்பிள்ளையளை விளையாட்டுக்காகத் திருப்பி அனுப்புறனீங்களோ?”

இல்லை அக்கா என்று சொல்ல வாயெடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் ஊருக்கு வந்த மாப்பிள்ளை. காலையில் படலையடியில் பாண் வாங்கிய சுழிபுரம். அது அவன் மனைவியின் வீடு. அந்தக் கலியாணத்தில் நான் பந்தி பரிமாறியிருக்கிறேன்.

“என்ன தம்பி, தேத்தண்ணிக்குச் சீனி காணாதோ?”

“காணும் அக்கா. எல்லாம் காணும்” என்றேன்.

வீதிக்கு வந்ததும் அவனுக்குப் போன் எடுத்து, குடியிருப்புப் பதிவு எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டேன்.

“இஞ்சைதான் அண்ணை. மகள் பிறந்தவுடனை மாத்தீட்டன். ஏன்?” கொஞ்சம் பொறுத்து அவனே கேட்டான். “அப்ப போன சீசனும் என்னை வெளியூரானெண்டுதான் விளையாட விட்டனீங்களோ?”

ஓம் என்றேன். அவன் சிரித்த சிரிப்பில் பிள்ளை அழத் தொடங்கியது எனக்குக் கேட்டது.

அவனுடைய வெளியூர் இடம் இனி ரூபனுக்கு. அடுத்து றொபின்சனுக்குப் போன் எடுத்தேன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட நாளைக்குப் பத்து மணிக்கு வா என்றேன். “அதுக்கேன் அண்ணை இவ்வளவு சந்தோசமாச் சொல்லுறியள்?” என்றான். நான் விளக்கம் சொல்லவில்லை. இணுவிலிலிருந்து வீடுவரை சைக்கிள் பாரமில்லாமல் ஓடியது.

அணி முகாமைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஒவ்வொரு சீசனுக்கு முன்னும் ஒவ்வொரு ஆட்டக்காரனிடமும் இப்போது எங்கே குடியிருக்கிறாய் என்று கேளுங்கள். நன்றாகத் தெரிந்தவனிடம் முதலில் கேளுங்கள். தெரியாதவனிடம் நாங்கள் எப்படியும் கேட்டுவிடுவோம்.

வெள்ளிக்கிழமை காலை கிராம சேவகரிடம் போவதற்கு முன், பின்வீதிப் படலையடியில் சைக்கிளை நிறுத்தினேன். சுழிபுரம் எனக்கு முதுகைக் காட்டியபடி பாண் வானுக்காகக் காத்துக்கொண்டிருந்தான்.

“சசிகரன்” என்று அவனுடைய சொந்தப் பெயரால் கூப்பிட்டேன்.

திரும்பவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டபோதுதான் திரும்பிப் பார்த்தான்.